இந்தப் பெருநகரில் கடவுளுக்குத் தெரியாதவர் எவருமில்லை



பொங்கல் முடிந்து நம்மில் பாதிப்பேர் இந்த வாரம்தான் ஊரிலிருந்து திரும்பியிருக்கிறோம். விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் பேருந்தை விட்டு இறங்கியபோது நம் கையிலிருந்த பைகளை நினைத்துப் பாருங்கள். அம்மா சுட்டுக் கொடுத்த முறுக்கு, புது அரிசி, ஒரு கொத்து மஞ்சள், தோட்டத்துத் தேங்காய் நாலைந்து. அவற்றை வீட்டு மூலையில் இறக்கிவைத்த கையோடு குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு, மின்சார ரயிலைப் பிடிக்க ஓடினோம். "ஃபாதர், அங்கே போனா இங்கே வரணும்னு இருக்கு, இங்கே வந்தா அங்கேயே இருந்திருக்கலாம்னு இருக்கு" என்று உங்களில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அந்த இரண்டு மனசோடுதான் இன்று நாம் இந்தப் பீடத்தைச் சுற்றிக் கூடியிருக்கிறோம்.

பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறாகிய இன்று முதல் வாசகம் நம்மை ஒரு மாநகருக்கு அழைத்துப் போகிறது. டைகிரிஸ் ஆற்றங்கரையில், இன்றைய மோசுல் நகருக்கு எதிர்க்கரையில் இருந்தது நினிவே. அதைக் கடக்க மூன்று நாள் நடக்க வேண்டும் என்கிறது யோனா நூல். அசீரியரின் அந்தத் தலைநகரை யோனாவின் மக்கள் அடியோடு வெறுத்தார்கள். கி.மு. 722இல் இஸ்ரயேலின் வடநாட்டை அழித்து மக்களை நாடு கடத்தியவர்கள் அசீரியர்கள். அப்படிப்பட்ட நகரத்துக்குத்தான் கடவுள் தம் இறைவாக்கினரை அனுப்புகிறார். போகச் சொன்ன முதல் தடவை யோனா எதிர்த்திசையில் கப்பல் ஏறினார். இரண்டாம் தடவை போனார். ஆனால் மனம் இளகாமல் போனார்.

பெருநகரத்தைப் பற்றிப் பேசும்போது அதைத் திட்டுவது எளிது. கூட்டம், புகை, வாடகை, சூது என்று நாமும் திட்டிக்கொண்டேதான் இங்கே வாழ்கிறோம். இன்று அதற்கு முன் கொஞ்சம் நன்றி சொல்வோம்.

இந்த நகரம் நமக்கு என்ன தந்தது? ஊரில் கைவிரித்துவிட்ட நோயாளியைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரலுக்கு எதிரே அரசு பொது மருத்துவமனைக்கு வந்தவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்! 1664இல் கோட்டைக்குள் ஒரு சிறு மருத்துவமனையாகத் தொடங்கியது அது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையில் நம் பங்கைச் சேர்ந்த தாய்மார்கள் சிகிச்சை பெற்று, இன்று நம் பாடற்குழுவில் பாடுகிறார்கள். கோட்டூர்புரம் நூலகத்தில் சாப்பாட்டு டப்பாவை அருகில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து இரவுவரை போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நம் இளையோர் இயக்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அவர்களுக்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. செவ்வாய்க்கிழமைகளில் பாரிமுனை அந்தோணியார் கோவிலுக்குப் போயிருப்பீர்கள். நெற்றியில் விபூதியோடு ஒருவர், பர்தாவோடு ஒரு பெண், ஜெபமாலையோடு ஒரு பாட்டி, எல்லாரும் ஒரே வரிசையில் மெழுகுதிரியோடு நிற்கிறார்கள். நகரம் நமக்குத் தந்திருக்கும் அழகு அது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊரில் தெருப் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடுகிறது. சில ஊர்களில் ஆலயத்துக்குள்ளேயே இடம் பிரித்து உட்கார வைத்தார்கள். கல்லறையிலும் சுவர் எழுப்பினார்கள். அந்த வலியைச் சுமந்துகொண்டு பேருந்தேறி வந்தவர்கள் உங்களில் உண்டு. இங்கே டீக்கடையில் யாரும் உங்களை 'நீ யார் வீட்டுப் பிள்ளை' என்று கேட்கவில்லை. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் தள்ளி உட்காரவில்லை. இங்கே யாருக்கும் உங்களைத் தெரியாது என்பதே உங்களுக்கு முதன்முதலாகக் கிடைத்த விடுதலை. அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் நாமே வீட்டு உரிமையாளர் ஆன பிறகு, வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் சுற்றி வளைத்து என்ன கேட்கிறோம்? எந்த ஊர், எந்தத் தெரு, சொந்தக்காரர்கள் யார் யார் என்று துருவும்போது நாம் உண்மையில் எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறோம்? நம்மை விடுவித்த கடவுள் நம் வீட்டு வாசலில் நின்று இதைக் கேட்கிறார். திருந்துவதற்கு நாள் கொடுத்துத்தான் கேட்கிறார். நினிவேக்கும் அவர் நாற்பது நாள் கொடுத்தார்.

பிரியமானவர்களே, யாருக்கும் நம்மைத் தெரியாது என்ற அதே நிலைதான் இந்த நகரத்தின் மிகப்பெரிய காயமாகவும் இருக்கிறது.

மாதத்தின் முதல் வெள்ளி அன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நான்காவது மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். மகனும் மருமகளும் எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் திரும்ப இரவு ஒன்பதாகும். நல்ல பிள்ளைகள், பாட்டிக்கு மருந்தோ சாப்பாடோ குறைவதில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததுமே பாட்டி சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சிலுவையையும் இரண்டு மெழுகுதிரியையும் வைத்துவிட்டு, நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவார். லிப்ட் கதவு திறக்கும் சத்தத்தையும் அதற்குப் பின் வரும் செருப்புச் சத்தத்தையும் வைத்தே வருவது யார் என்று அவருக்குத் தெரியும். கேஸ்காரர், குப்பை எடுக்கும் பெண், எதிர்வீட்டுக் குழந்தை. "எல்லாரையும் காலடிச் சத்தத்துல தெரியும் ஃபாதர். ஒருத்தர் பேரும் தெரியாது" என்றார். அவர் பெயரும் அந்த மாடியில் யாருக்கும் தெரியாது என்பதை அன்றைக்கே எதிர்வீட்டில் கேட்டபோது தெரிந்துகொண்டேன்.

ஒருவரோடு ஒருவர் சுவரைப் பகிர்ந்துகொள்கிறோம். தண்ணீர் லாரிக்குப் பணம் சேர்ந்து போடுகிறோம். பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்பதும் தெரியும். அந்த வீட்டில் யார் அழுகிறார் என்பது நமக்குத் தெரியுமா?

இப்போது யோனாவிடம் திரும்புவோம். மூன்று நாள் நடக்க வேண்டிய நகரத்தில் அவர் ஒரு நாள் நடந்து, ஒரு சிறிய செய்தியை அறிவித்தார். நகரம் மனம் மாறியது. அரசனே அரியணையை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான். கடவுளும் தண்டிக்கவில்லை. இன்றைய வாசகம் அதோடு முடிந்தாலும் நூல் இன்னும் ஓர் அதிகாரம் நீள்கிறது. யோனாவுக்குக் கோபம் வருகிறது. நகரத்தை விட்டு வெளியேறி, கிழக்கே ஒரு பந்தல் போட்டுக்கொண்டு, என்ன ஆகிறது பார்ப்போம் என்று உட்கார்ந்துவிடுகிறார். நினிவே என்று ஒரே பெயரில், ஒரே குற்றவாளியாகத்தான் அவருக்கு அந்த நகரம் தெரிந்தது. கடவுளோ அவரிடம் கணக்குச் சொல்கிறார். வலக்கை எது, இடக்கை எது என்று அறியாத 1,20,000க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்களே, ஆடுமாடுகளும் இருக்கின்றனவே, அவர்களுக்காக நான் இரங்க வேண்டாமா என்று கேட்கிறார். நூல் அந்தக் கேள்வியோடு முடிகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதப்படவில்லை.

நாம் கூட்டம் என்று பார்க்கும் இடத்தில் கடவுள் ஆள் ஆளாகப் பார்க்கிறார். அந்த ஊரின் மாடுகள்கூட அவர் நினைவில் இருக்கின்றன. இந்தச் சென்னையையும் அவர் அப்படித்தான் பார்க்கிறார். ஞாயிறு மாலை மெரினாவில் நிற்கும் கூட்டத்தில் அவருக்குத் தெரியாத முகம் ஒன்றுகூட இல்லை.

ஆகவே இந்த நகரத்தில் தொலைந்துபோனதாக நினைக்கும் சகோதரனே, சகோதரியே, உன்னிடம் முதலில் பேச விரும்புகிறேன். வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது. ஆனாலும் காலையில் பையை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாய். செல்போன் செயலியில் வாங்கிய கடன் வட்டிமேல் வட்டியாகி விட்டது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அம்மா போனில் கேட்டால், "நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன்மா" என்கிறாய். தெரிந்தவர் யாரும் இல்லாத ஊர் என்பதால், ஊரில் செய்யத் துணியாத ஒன்றை இங்கே செய்துவிட்டு, அந்தக் குற்றவுணர்வோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாய். ஆண்டவர் உன் பெயரை அறிவார். நினிவே முழுவதையும் மன்னித்தவருக்கு உன்னை மன்னிப்பது பாரம் அல்ல. ஒப்புரவு அருளடையாளத்துக்கு வா. திருப்பலி முடிந்து நான் எங்கேயும் போகப்போவதில்லை. கடன் தொல்லை என்றால் அதையும் சொல். நம் வின்சென்ட் தே பவுல் சபைச் சகோதரர்கள் ரகசியம் காப்பவர்கள். வெட்கப்பட்டுக்கொண்டு தனியாகச் சாகும்படி யாரையும் கடவுள் இந்த நகரத்துக்கு அழைத்து வரவில்லை.

நற்செய்தியில் இயேசு கடலோரமாய் நடந்துபோகிறார். சீமோனையும் அந்திரேயாவையும் பார்க்கிறார். கொஞ்சம் தள்ளி யாக்கோபையும் யோவானையும் பார்க்கிறார். கூட்டத்தைக் கூட்டி அவர் ஆள் எடுக்கவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்து அழைத்தார். அவர்களும் போனார்கள். செபதேயுவின் மக்கள் தங்கள் தந்தையைக் கூலியாள்களோடு படகிலேயே விட்டுவிட்டுப் போனார்கள் என்று மாற்கு எழுதுகிறார்.

நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு செபதேயு இருக்கிறார். பிள்ளைகள் பட்டணம் போன பிறகு வலையை ஓரமாய்ச் சுருட்டி வைத்த தகப்பன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாய். ஒன்றாம் தேதி ஜிபேயில் பணம் போய்விடுகிறது. குரல் போகிறதா? செபதேயுவின் மக்களைத் தம்மோடு அழைத்த ஆண்டவர் அந்த வீட்டை மறந்துவிடவில்லை. பின்னாளில் அவர்களுடைய தாயும் இயேசுவைப் பின்தொடர்ந்ததையும், சிலுவையில் அவர் தொங்கியபோது தொலைவில் நின்ற பெண்களுள் ஒருவராக இருந்ததையும் மத்தேயு சொல்கிறார். பெற்றோரை விட்டு வந்தோமே என்று மனம் குத்துகிறவர்களே, உங்கள் உழைப்பையும் அவர்கள் தனிமையையும் ஆண்டவர் ஒன்றாகவே ஏந்திக்கொண்டிருக்கிறார். இன்று மத்தியானம் சாப்பிட்டவுடன் போன் எடுங்கள். அவசரமில்லாமல் பேசுங்கள்.

இப்போது ஆலயத்தின் பின்பக்கம் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். தீர்த்தத் தொட்டிக்கு அருகே நாலைந்து இளைஞர்கள் நிற்கிறார்கள். பல மாதங்களாக அங்கேதான் நிற்கிறார்கள். ஜார்க்கண்டின் சிம்டேகா, கும்லா பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். நம் மறையுரை அவர்களுக்குப் புரியாது. ஆனால் நற்கருணை எழுந்தேற்றத்தின்போது அவர்கள் முழங்காலிடுவதை நான் பீடத்திலிருந்து பார்க்கிறேன். சமாதானம் பகிரும்போது நாம் முன்வரிசைக்காரரையும் பின்வரிசைக்காரரையும் பார்த்துக் கைகுவிக்கிறோம். அவர்கள் தங்களுக்குள்ளேயே கைகுவித்துக்கொள்கிறார்கள். 'வடக்கன்' என்று நம் வாயில் எளிதாக வந்துவிடுகிறதே, அவர்களில் ஒருவருடைய பெயராவது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் பாட்டன்மார் இரங்கூனிலும் இலங்கைத் தோட்டங்களிலும் மலாயாவிலும் பம்பாய் தாராவியிலும் இப்படித்தான் அந்நியராய் நின்றார்கள். இந்த மண்ணில் நற்செய்தி அறிவித்ததாக நாம் போற்றும் புனித தோமாவும் தொலைதூரத்திலிருந்து வந்த அந்நியர்தான். பரங்கிமலையில் ஏறி அவரை வணங்கிவிட்டு, கீழே இறங்கி வந்து அந்நியரை விரட்ட முடியாது, அன்பர்களே.

இந்த நகரம் தன் ஏழைகளை விளிம்புக்குத் தள்ளுவதையும் நாம் பார்க்காமல் இருக்கக் கூடாது. கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். காங்கிரீட் வீடு கிடைத்தது. ஆனால் நாலு வீட்டில் பாத்திரம் துலக்கிப் பிழைத்த அம்மாவுக்கு அந்த நாலு வீடும் தொலைவாகிவிட்டன. பிள்ளைகளின் பள்ளியும் தொலைவாகிவிட்டது. நம் வீட்டு வேலைக்கு வரும் அக்கா எத்தனை பேருந்து மாறி வருகிறார் என்று கேட்டிருக்கிறோமா? பத்து நிமிடம் தாமதமானால் நம் முகம் எப்படி மாறுகிறது?

இதெல்லாம் நம்மால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். நம்மால் முடியும் என்பதை 2015 டிசம்பரில் கண்ணால் பார்த்தோம். அடையாறு கரைபுரண்ட அந்த இரவில் கீழ்வீட்டுக்காரர் மாடிவீட்டுக் கதவைத் தட்டினார், கதவு திறந்தது. முடிச்சூரிலும் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் முன்பின் தெரியாதவர்கள் ஒரே பாத்திரத்துக் கஞ்சியைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆலயங்களும் பள்ளிவாசல்களும் கோவில்களும் கல்யாண மண்டபங்களும் வந்தவர் மதம் கேட்காமல் இடம் கொடுத்தன. கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து, யாரென்று அறியாதவர்களைத் தூக்கி ஏற்றினார்கள். மனிதரைப் பிடிப்பவர்களாக்குவேன் என்று ஆண்டவர் மீனவருக்குச் சொன்னது நம் தெருக்களிலேயே நடந்தது. தண்ணீர் வடிந்த பிறகு ஏன் கதவுகளைச் சாத்திக்கொண்டோம்? அந்த அன்பு நமக்குள் இல்லாததால் அல்ல. வெள்ளத்தில் வெளிவந்தது எதுவோ அது நமக்குள் இன்றும் இருக்கிறது. தூய ஆவியார் நமக்குள் ஊற்றிய கொடை அது. அது எழும்ப இன்னொரு வெள்ளம் வர வேண்டியதில்லை.

இரண்டாம் வாசகத்தில் புனித பவுல் கொரிந்து மக்களுக்கு எழுதுகிறார். இனியுள்ள காலம் குறுகியது என்கிறார். கொரிந்து ஒரு துறைமுக நகரம். பல நாட்டவர் பிழைக்க வந்த இடம். அங்கே அவருக்கு முதலில் வீடு கொடுத்தவர்கள் உரோமையிலிருந்து துரத்தப்பட்டு வந்திருந்த அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும். மூவருக்கும் கூடாரம் செய்வதே தொழில். அந்த ஊரில் பவுலுக்குப் பயம் வந்தபோது, இந்த நகரில் எனக்குரிய மக்கள் பலர் உண்டு என்று ஆண்டவர் இரவுக் காட்சியில் தேற்றினார். பின்னர் உரோமை மாநகருக்கு மடல் எழுதி முடிக்கும்போது பவுல் என்ன செய்கிறார் தெரியுமா? ஒரு முழு அதிகாரத்தைப் பெயர்களுக்காக ஒதுக்குகிறார். இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். இவர் எனக்காகத் தலையைக் கொடுக்கத் துணிந்தவர், இவர் மிகவும் பாடுபட்டு உழைத்தவர், இந்த ரூபுவின் தாய் எனக்கும் தாய் என்று ஒவ்வொருவரையும் நினைவுகூர்கிறார். அடிமைகள் வைத்துக்கொள்ளும் பெயர்களும் அந்தப் பட்டியலில் உண்டு என்கிறார்கள் அறிஞர்கள். பேரரசின் தலைநகரம் கண்டுகொள்ளாதவர்களைத் திருச்சபை பெயர் சொல்லி அழைத்தது. பெருநகரத்தில் திருச்சபை செய்ய வேண்டிய முதல் வேலை இன்றும் அதுதான்.

நம்முடைய அன்பியங்கள் எதற்காக இருக்கின்றன? மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி, ஜெபமாலை சொல்லி, சுண்டலும் காப்பியும் சாப்பிட்டுப் பிரிவதற்கு மட்டுமா? அந்தத் தெருவில் யார் புதிதாகக் குடிவந்திருக்கிறார், யார் படுக்கையில் இருக்கிறார், எந்த விடுதியில் எந்தப் பிள்ளை தனியாக இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதற்காகவும்தான். எல்லாரையும் ஒரே நாளில் தேடிப்போக வேண்டாம். இந்த வாரம் ஒரே ஒருவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாசல் காவலாளி, உணவு கொண்டுவரும் தம்பி, எதிர்வீட்டுப் பாட்டி, யாராக இருந்தாலும் சரி. கேட்ட பெயரை மறக்காமல் இரவு ஜெபத்தில் ஆண்டவரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை பார்க்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பங்குப் பேரவையிடம் நானும் ஒன்று கேட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பின்னால் நிற்கும் ஜார்க்கண்ட் தம்பிகளோடு நாம் காலைச் சிற்றுண்டி சாப்பிடப் போகிறோம். இந்தி தெரிந்த பிள்ளைகள் உதவிக்கு வாருங்கள். தெரியாதவர்களும் வாருங்கள், இட்லி பரிமாறுவதற்கு மொழி வேண்டாம்.

ஊருக்கே திரும்பிப் போய்விடலாமா என்று தவிக்கிறவர்களே, போவதற்கும் ஆண்டவர் துணையிருப்பார், இருப்பதற்கும் துணையிருப்பார். இருக்கும்வரை நினிவேக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்த யோனாவாக இருக்காதீர்கள். உள்ளே வாருங்கள். நம் கடவுள் இந்தத் தெருக்களில்தான் குடியிருக்கிறார். இங்கேதான் மன்னிக்கிறார், தேடுகிறார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். யோனா நூல் பதில் எழுதாமல் விட்ட அந்தக் கேள்வி இன்று நம் முன் நிற்கிறது. இந்த மக்களுக்காக நான் இரங்க வேண்டாமா என்று கேட்கும் தந்தைக்கு, "ஆம் ஆண்டவரே, உம்மோடு சேர்ந்து நாங்களும் இரங்குகிறோம்" என்று நம் வாழ்வால் பதில் சொல்வோம்.

எழுந்து நின்று, நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.